ஓடாத சர்க்யூட்டுக்கு யார் மதிப்பெண் போடுவது?

பிப்ரவரி பிறந்துவிட்டால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குத் தனிக் களை வந்துவிடும். அண்ணா சாலையை ஒட்டிய அந்தத் தெருவிலும் பக்கத்து நரசிங்கபுரம் தெருவிலும், தோளில் பையும் செல்போன் திரையில் ஒரு பட்டியலுமாக, இன்ஜினீயரிங் கடைசி ஆண்டு மாணவர்கள் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். ஆர்டுயினோ ஒன்று, அல்ட்ராசானிக் சென்சார் இரண்டு, ரிலே மாடியூல், ஜிஎஸ்எம் போர்டு, ஒரு கட்டு ஜம்பர் ஒயர் என்று கடைக்காரருக்கே பட்டியல் மனப்பாடம். அதே மாதத்தில் இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்கள் இந்தத் தெருவுக்கே வருவதில்லை. ‘ஐ-ட்ரிபிள்-ஈ ப்ராஜெக்ட்ஸ்’ என்று பலகை தொங்கும் ப்ராஜெக்ட் சென்டர்களின் மாடிப்படி ஏறி, போர்டு, புரோகிராம், பைண்டிங் செய்த ரிப்போர்ட், வைவாவில் கேட்கக்கூடிய கேள்விகளுக்கான பதில் என எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாக வாங்கி வந்துவிடுவார்கள். தேர்வு நாளில் எக்ஸ்டர்னல் தேர்வாளர் வந்து உட்காரும் மேஜையில் இருவர் போர்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டிலும் எல்இடி எரியும், இரண்டிலும் மோட்டார் சுற்றும். வாங்கி வந்தது சில சமயம் கொஞ்சம் அழகாகவே சுற்றும்.

இந்தப் பேச்சை எடுத்தாலே பிள்ளைகளின் சோம்பேறித்தனம், பெற்றோரின் செல்லம், காசு பார்க்கும் கடைக்காரர்கள் என்று பழியைப் பங்கு போட்டுக் கொடுப்பது வழக்கம். அதில் எனக்கு உடன்பாடில்லை. தேர்வு எதற்கு மதிப்பெண் தருகிறதோ அது சந்தைக்கு வந்தே தீரும். நாம் ஓடும் மாடலுக்கு மதிப்பெண் தருகிறோம்; ஓடும் மாடல் கடையில் கிடைக்கிறது. எலெக்ட்ரானிக்ஸ் படிப்பில் கடையில் வாங்க முடியாத ஒன்று இருக்கிறது. காகிதத்தில் போட்ட கணக்கும் மீட்டர் காட்டும் அளவும் ஒத்துப்போகாதபோது, ஏன் என்று தேடிப்போகும் வேலை அது. வகுப்பு ப்ராஜெக்ட் என்ற ஒன்றைப் பாடத்திட்டத்தில் வைத்திருப்பதற்கு அந்தத் தேடலைத் தவிர வேறு நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. வைவா மேஜையிலோ அதற்குப் பெரும்பாலும் பேச்சே இல்லை.

மிகச் சாதாரணமான ஒரு ப்ராஜெக்டை எடுத்துக்கொள்வோம்: அறை வெப்பநிலையைத் திரையில் காட்டும் மானி. எல்எம்35 என்ற மூன்று கால் சென்சார், ஓர் ஆர்டுயினோ ஊனோ, இரண்டு வரி காட்டும் எல்சிடி. பள்ளி மாணவரே செய்துவிடலாம். எல்எம்35 ஒரு டிகிரி செல்சியஸுக்கு 10 மில்லிவோல்ட் தரும். 30 டிகிரி என்றால் 300 மில்லிவோல்ட். ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328 சிப்புக்கு இந்த வோல்டேஜ் நேரடியாகத் தெரியாது. தனக்கு வரும் சப்ளையை 1,024 படிகளாகப் பிரித்து, உள்ளே வந்தது எத்தனையாவது படி என்று மட்டும் சொல்லும். சப்ளை 5 வோல்ட் என்று வைத்துக்கொண்டு அந்தப் படியை டிகிரியாக மாற்றும் ஒற்றை வரிக் கணக்கு எங்கும் கிடைக்கிறது. மாணவர் அதை எடுத்து ஒட்டுகிறார். திரை 31.7 என்கிறது. பக்கத்தில் வைத்த வெப்பமானியோ 30 என்கிறது.

இனி இரண்டு வழிகள். புரோகிராமில் 1.7-ஐக் கழித்துவிடலாம்; திரையில் 30 வந்துவிடும், டெமோவும் முடிந்துவிடும். இல்லையென்றால் மல்டிமீட்டரை எடுத்து ஊனோவின் 5 வோல்ட் பின்னில் வைத்துப் பார்க்கலாம். லேப்டாப்பின் யுஎஸ்பி வழியாக வரும் அந்த ‘5 வோல்ட்’ பல நேரம் 4.7 ஆகத்தான் இருக்கும். 300 மில்லிவோல்ட் என்பது 4.7 வோல்ட்டில் 65ஆவது படி. அந்த 65-ஐ 5 வோல்ட் என்ற நம்பிக்கையில் திருப்பிக் கணக்கிட்டால் 31.7 வருகிறது. சென்சார் சரி, கணக்கின் வடிவமும் சரி, அளவுகோல்தான் சுருங்கியிருக்கிறது. இதைக் கண்டவர், சப்ளையோடு சேர்ந்து ஏறி இறங்காத அளவுகோல் ஏதாவது உண்டா என்று தேடுவார். அதே சிப்புக்குள் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸ் ஒன்று சும்மா கிடப்பது தெரியவரும். அதை ஒருமுறை அளந்து சரிபார்த்துவிட்டுப் பயன்படுத்தினால், ஒரு படி என்பது அரை டிகிரியிலிருந்து ஏறக்குறைய பத்தில் ஒரு டிகிரியாக நுணுகிவிடும். ரெஃபரன்ஸ், ரெசல்யூஷன், காலிபரேஷன் என்று வகுப்பில் அரைத்தூக்கத்தில் கேட்ட மூன்றும் ஒரே மாலையில் கைக்கு வந்துசேரும். 1.7-ஐக் கழித்தவர் கதை வேறு. சென்சாரை வெந்நீர் டம்ளருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அவருடைய 1.7 போதாது, ஏனென்றால் இந்தப் பிழை வெப்பநிலையோடு சேர்ந்து வளரும். வேறு லேப்டாப்பில் செருகினால் வேறு எண் வரும். ஆனாலும் தேர்வு மேஜையில் இருவருக்கும் ஒரே மதிப்பெண்தான்.

கொஞ்சம் பெரிய ப்ராஜெக்டுக்குப் போனால் இந்த இடைவெளி இன்னும் சுவாரசியமாகிறது. கேஸ் கசிந்தால், கதவு திறந்தால், தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் செல்போனுக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் ப்ராஜெக்டுகள் நம் கல்லூரிகளில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பயன்படும் சிம்900 வகை ஜிஎஸ்எம் மாடியூல் சும்மா இருக்கும்போது சாதுவாக இருக்கும். டவரோடு பேசும்போது மட்டும், ஒரு மில்லிவினாடிக்கும் குறைவான நேரத்துக்கு, 2 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்கு ஆர்டுயினோவின் 5 வோல்ட் பின்னிலிருந்து சப்ளை கொடுத்தால், எஸ்எம்எஸ் போகவேண்டிய அந்த நேரத்தில் வோல்டேஜ் சரிந்து மாடியூல் ரீசெட் ஆகும். மல்டிமீட்டரில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். அத்தனை குறுகிய சரிவைப் பிடிக்கும் வேகம் அதற்குக் கிடையாது. ஆசிலாஸ்கோப் என்ற கருவி எதற்கு என்று மாணவருக்கு அன்றுதான் புரியும். சரி, 12 வோல்ட் அடாப்டரும் 7805 ரெகுலேட்டரும் போட்டுத் தனி சப்ளை கொடுத்துவிடுவோம் என்று போனால் அங்கே வேறொரு கணக்கு காத்திருக்கிறது. அரை ஆம்பியர் ஓடினாலே மீதி 7 வோல்ட் 3.5 வாட் சூடாக மாறியாக வேண்டும். ஹீட்சிங்க் இல்லாத 7805 ஒரு வாட்டுக்குச் சுமார் 65 டிகிரி ஏறும். கணக்குப்படி 200 டிகிரியைத் தாண்ட வேண்டும். அதற்கு முன்பே சிப் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும், ஆறியதும் மறுபடி ஓடும். “சார், சில சமயம் ஓடுது, சில சமயம் ஓடமாட்டேங்குது” என்று லேபில் கேட்கும் புலம்பலில் பாதிக்குப் பின்னால் இப்படியொரு எளிய பெருக்கல் ஒளிந்திருக்கும்.

டெமோ என்பதன் நீளமே ஒரு பிரச்சினை. தானியங்கி நீர்ப்பாசனம் என்ற பெயரில் ஆண்டுதோறும் வரும் ப்ராஜெக்டைப் பாருங்கள். மண்ணில் இரண்டு உலோகக் கால்களைச் செருகி, ஈரம் குறைந்தால் பம்பை ஓடவிடும் அமைப்பு. தொட்டி மண்ணில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் காட்டினால் பத்து நிமிடத்தில் கைதட்டல் கிடைத்துவிடும். அதே சென்சாரை இரவு பகலாக மின்சாரம் பாயவிட்டு வயலில் வைத்தால், ஈர மண்ணில் மின்னாற்பகுப்பு நடந்து உலோகப்பூச்சு அரித்துப்போகும். சில வாரங்களில் ஈர மண்ணையே காய்ந்த மண் என்று சொல்ல ஆரம்பிக்கும், பம்பும் நிற்காமல் ஓடும். அளக்கும் நொடியில் மட்டும் மின்சாரம் கொடுப்பது, உலோகம் மண்ணைத் தொடாத கெப்பாசிட்டிவ் சென்சாருக்கு மாறுவது என்று தீர்வுகள் எளியவைதான். ஆனால் பத்து நிமிட டெமோவைத் தாண்டி யாரும் பார்க்காதபோது அந்தத் தீர்வுகளுக்கான தேவையே எழாது. உழவருக்கு உதவும் கண்டுபிடிப்பு என்று பேனர் கட்டிப் பரிசு வாங்கிய மாடல் வயலில் ஒரு பருவம்கூடத் தாங்காது என்பதை மாணவர் ஒருபோதும் அறியப்போவதில்லை. இந்த அறியாமைக்குத்தான் நாம் சான்றிதழ் தருகிறோம்.

மாடியூல்களைக் குறை சொல்வதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆர்டுயினோ 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரத்து வடிவமைப்புக் கல்லூரியில் உருவானது. எலெக்ட்ரானிக்ஸ் பின்னணியே இல்லாத கலை, வடிவமைப்பு மாணவர்கள் பயமில்லாமல் பொருள்களை இயங்கவைக்க வேண்டும் என்பதே மாஸிமோ பான்ஸியும் கூட்டாளிகளும் வைத்துக்கொண்ட நோக்கம். கடினமானவற்றை மூடி மறைப்பதுதான் அதன் வேலை. அதைப் பிரமாதமாகச் செய்கிறது. கேள்வி, எலெக்ட்ரானிக்ஸையே தொழிலாகக் கொள்ளப்போகிறவருக்கும் அதே மூடி போதுமா என்பதுதான். ரிலே மாடியூல் ஒன்றை வாங்கினால் அதிலேயே ஒரு டிரான்சிஸ்டரும் காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடும் இருக்கும். ரிலேயை அணைக்கும் கணத்தில் காயிலில் எழும் எதிர் வோல்டேஜ் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடாமல் காப்பது அந்த டயோடு. மாடியூலையே வாங்கிப் பழகியவர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார். நேரடியாக ரிலே வைத்துக் கட்டியவர் ஒரு டிரான்சிஸ்டரைப் பலி கொடுத்தாவது அதைத் தெரிந்துகொண்டிருப்பார். முதலில் மாடியூலில் ஓட்டிப் பார்க்கட்டும், தவறில்லை. பிறகு அதில் ஒரே ஒரு மாடியூலையாவது தன் கையால், உதிரிப் பாகங்களால் கட்டிக் காட்டட்டும்.

நம் லேப் பழக்கமோ இதற்கு நேர் எதிராக வளர்ந்திருக்கிறது. ரெக்கார்டு நோட்டில் வர வேண்டிய கிராஃப் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். சீனியர் நோட்டில் அழகாக இருக்கிறது. அதற்குப் பொருந்தாத ரீடிங் வந்தால் அது ‘அட்ஜஸ்ட்’ செய்யப்படும். கிராஃபை முதலில் வரைந்துவிட்டு அதிலிருந்து ரீடிங்கைப் பின்னோக்கி எழுதுகிறவர்களும் உண்டு. மீட்டர் சொன்னதை அழித்துவிட்டுப் புத்தகம் சொன்னதை எழுதினால் கையெழுத்து கிடைக்கும் என்பதை முதல் பருவத்திலேயே கற்றுக்கொண்ட மாணவர், எட்டாம் பருவத்தில் ப்ராஜெக்டை விலைக்கு வாங்கினால் அது ஒழுக்கக்கேடு அல்ல, தொடர்ச்சி. இதன் அடியில் இன்னொரு பழைய வழக்கமும் கிடக்கிறது: சால்டரிங் அயர்ன் பிடிப்பவர் மெக்கானிக், பேனா பிடிப்பவர் இன்ஜினீயர் என்ற படிநிலை. ஐடிஐயில் எலெக்ட்ரானிக் மெக்கானிக் படிப்பவருக்குப் பழுது கண்டுபிடிப்பது செய்முறைப் பயிற்சியின் பகுதி. நான்காண்டு பட்டம் வாங்குகிறவரை அதைச் செய்துகாட்டச் சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்கிறது. தெருமுனைக் கடையில் டிவி ரிப்பேர் பார்த்தவர்களுக்கு மீட்டர் முனையை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. அந்த அறிவை நாம் படிப்பு என்று எண்ணவில்லை.

இந்தத் துறையின் வரலாறோ அந்தப் படிநிலையைக் கொஞ்சமும் மதிப்பதில்லை. மாணவர்கள் எல்இடியை விட்டுவிட்டு எரியவைக்கப் பயன்படுத்தும் 555 டைமர் சிப்பை 1971-இல் வடிவமைத்தவர் ஹான்ஸ் காமன்சிண்ட். சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்தின் வேலையை விட்டு வெளியேறி, அதே நிறுவனத்துக்கு ஒப்பந்த அடிப்படையில் அதைச் செய்தார். சர்க்யூட்டை உதிரிப் பாகங்களில் கட்டிச் சோதித்தார். அவருடைய முதல் வடிவத்தில் மாறா மின்னோட்டம் தரும் ஒரு பகுதி இருந்தது. அதனால் ஒன்பது கால்கள் தேவைப்பட்டன. அந்த இடத்தில் ஒரு சாதாரண ரெசிஸ்டரே போதும் என்று பிறகு கண்டார். கால்கள் எட்டாகக் குறைந்தன. மலிவான சின்ன உறைக்குள் சிப் அடங்கியது. 1972-இல் சந்தைக்கு வந்தது இன்றும் விற்கிறது. வேலை செய்துகொண்டிருந்த வடிவத்தோடு அவர் திருப்தியடைந்திருந்தால் அந்த எட்டுக் கால் சிப் கிடைத்திருக்காது. அனலாக் சர்க்யூட் வடிவமைப்பில் பெரும்பேர் எடுத்த பாப் பீஸ், பழுது தேடுவதைப் பற்றி மட்டுமே ஒரு முழுப் புத்தகம் எழுதினார்; 1991-இல் வெளிவந்தது. வடிவமைப்பதும் பழுது பார்ப்பதும் வேறு வேறு சாதி வேலைகள் என்று அவர்களில் யாரும் நினைக்கவில்லை.

தோல்வியை எழுதிவைப்பது எப்படி என்பதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. இந்தியா முழுவதும் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகளின் சிறு கருவிகளோடு, சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பு உருவாக்கிய ஆசாதிசாட் செயற்கைக்கோள் 2022 ஆகஸ்ட் 7 அன்று இஸ்ரோவின் எஸ்எஸ்எல்வி ராக்கெட்டின் முதல் பயணத்தில் ஏறியது. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டப்பாதையில் சேர வேண்டியது, ஒரு பக்கம் 76 கிலோமீட்டர் வரை தாழ்ந்த நீள்வட்டப் பாதையில் விடப்பட்டு வீணானது. இரண்டாம் கட்டம் பிரியும்போது ஏற்பட்ட அதிர்வில் முடுக்கமானிகள் சிறிது நேரம் தடுமாறின. சென்சார் பழுது என்று கணினி முடிவுசெய்து மாற்று வழிக்குப் போனது. தேவையான வேகம் கிடைக்கவில்லை. இந்தக் காரணத்தை இஸ்ரோ கண்டுபிடித்து வெளியிட்டது, திருத்தியது. 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 சரியான பாதையில் சேர்ந்தது. மாணவிகள் செய்த வேலை எவ்வளவு ஆழமானது என்று கேட்பவர்கள் கேட்கலாம். அது வேறு விவாதம். அந்தப் பயணத்திலிருந்து மிஞ்சியவற்றில் மிகவும் பயனுள்ளது பிழையின் காரணத்தைச் சொன்ன ஆவணம்தான். நம் கல்லூரி ரிப்போர்ட்டுகளில் ‘அறிமுகம்’, ‘முந்தைய ஆய்வுகள்’, ‘பிளாக் டயகிராம்’, ‘முடிவுரை’ எல்லாம் இருக்கும். எது ஓடவில்லை, ஏன் ஓடவில்லை என்ற அத்தியாயத்தை மட்டும் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு வரும் மறுப்புகளில் கனமானது, அடிப்படைக் கோட்பாடு தெரியாமல் கையைப் பழக்கி என்ன பயன் என்பது. இதில் பாதி உண்மை. கணக்குப் போடாமல் ஒயரைக் குத்திப் பார்ப்பவருக்குக் கிடைப்பது தற்செயல். 5 வோல்ட்டில் 2 வோல்ட் சிவப்பு எல்இடி, 220 ஓம் ரெசிஸ்டர், ஆக சுமார் 14 மில்லிஆம்பியர் என்று முதலில் எழுதாதவருக்கு மீட்டர் 11 காட்டினால் ஆச்சரியமே வராது. இடைவெளி தெரிய வேண்டுமானால் இரு கரையும் வேண்டும். நான் கேட்பது கோட்பாட்டைக் குறைக்க அல்ல, அதைப் பரிசோதனைக்கு நிறுத்த. இன்னொரு மறுப்பு சிமுலேஷன். 1973-இல் பெர்க்லியில் லாரன்ஸ் நேகல் உருவாக்கிய ஸ்பைஸ் புரோகிராமின் வாரிசுகள் இன்று எந்த லேப்டாப்பிலும் இலவசமாக ஓடுகின்றன; பிறகு எதற்கு இந்த ஒயரும் புகையும்? சிமுலேஷன் அவசியம், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் வரைந்ததை மட்டுமே அது கணக்கிடும். ப்ரெட்போர்டின் தளர்ந்த கிளிப், நடுவில் துண்டான பவர் லைன், குறித்த மதிப்பிலிருந்து 20 சதவீதம் விலகிய கெப்பாசிட்டர், எல்லாவற்றையும் யாராவது வரைந்தால்தானே அதற்குத் தெரியும்? செயற்கை நுண்ணறிவுக்கும் இதுவே பதில். புரோகிராமை அது எழுதித் தரட்டும், சாத்தியமான பழுதுகளைப் பட்டியலும் இடட்டும். அவற்றில் எது இந்த மேஜையில் நடந்தது என்பதை மீட்டர் முனையை வைத்துத்தான் முடிவுசெய்ய முடியும். ஓடும் புரோகிராமும் அழகான ரிப்போர்ட்டும் சில நிமிடங்களில் கிடைக்கும் இந்தக் காலத்தில், அவற்றுக்கே மதிப்பெண் கொடுத்துக்கொண்டிருப்பது முன்பைவிட அபத்தம்.

எளிதில் தள்ளிவிட முடியாத மறுப்பு ஆசிரியர்களிடமிருந்து வருவது. வகுப்பில் அறுபது பேர், அரை நாளில் பதினைந்து பேட்ச், எக்ஸ்டர்னலுக்கு மாலை ரயில். இதில் ஒவ்வொருவரும் தேடிய வழியை உட்கார்ந்து படிப்பது யார்? குறிப்பேடு எழுதச் சொன்னால் அதையும் ப்ராஜெக்ட் சென்டரே எழுதித் தந்துவிடும், ‘இங்கே பழுது வந்தது, இப்படிச் சரிசெய்தோம்’ என்று ரசமாகவே. நியாயமான பயம். அதனால்தான் குறிப்பேட்டை மட்டும் நம்ப முடியாது என்கிறேன். வைவா மேஜையில், மாணவர்கள் அறைக்கு வெளியே நிற்கும்போது, அவர்களுடைய போர்டிலேயே ஒரு பழுதை வைத்துவிடலாம். 10 கிலோ ஓம் ரெசிஸ்டருக்குப் பதில் 100 கிலோ ஓம், மைக்ரோகண்ட்ரோலருக்கு அருகே இருக்கும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இல்லாமல், ஒரு கிரவுண்ட் ஒயர் அரைகுறையாக. எதையும் எரிக்காத பழுதுகளாகப் பார்த்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். செலவு சில ரூபாய். உள்ளே வந்ததும் மீட்டரைக் கையில் கொடுத்துப் பதினைந்து நிமிடம். கண்டுபிடித்தாரா என்பதைவிட, முதலில் எங்கே அளந்தார், அந்த அளவைப் பார்த்துவிட்டு அடுத்து ஏன் அங்கே போனார் என்பதற்கு மதிப்பெண். தான் கட்டிய போர்டு என்றால் கை தானாக சப்ளைக்குப் போகும். வாங்கி வந்தவர் முதலில் புரோகிராமை மறுபடி ஏற்றிப் பார்ப்பார்.

தேர்ச்சி விகிதம் சரியும் என்பார்கள். முழு மதிப்பெண்ணையும் இதில் வைக்கச் சொல்லவில்லை. ப்ராஜெக்ட் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கை இதற்கு மாற்றினாலே விலைக்கு வாங்கும் கணக்கு கட்டுப்படியாகாமல் போய்விடும். பதற்றத்தில் தடுமாறும் நல்ல மாணவருக்கு அநீதி இழைக்கப்படும் என்பதும் உண்மைதான். அதற்காக அவருடைய குறிப்பேட்டையும் அதே மேஜையில் வைத்துச் சேர்த்துப் பார்க்கலாம். இது கல்லூரியோடு நிற்கும் விஷயமும் அல்ல. 2025-26 மத்திய பட்ஜெட் ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளுக்கு 50,000 அடல் டிங்கரிங் லேபுகளை அறிவித்திருக்கிறது. 2016-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை ஒதுக்கப்படுகிறது. கருவிகள் வந்து இறங்கும்போது கல்லூரியின் மதிப்பிடும் முறையும் சேர்ந்து பள்ளிக்குள் இறங்கிவிடக் கூடாது. பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளுக்கு மேலிருந்து சுற்றறிக்கை வர வேண்டும், அதற்குக் காலம் ஆகும். தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு அந்தச் சாக்கு இல்லை. அவற்றின் பாடத்திட்டக் குழுவே வைவா மதிப்பெண்ணைப் பிரித்துக்கொள்ளலாம். இந்த ஏப்ரலிலேயே ஒரு துறை தன் பேட்சுகளில் இதைச் செய்துபார்க்கத் தடை ஏதும் இல்லை.